உள்ளூர்ச் சாப்பாடு கிடைக்காத தெரு

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து இறங்கி இடது பக்கம் நடந்தால் முதலில் வருவது தலைச்சேரிக்காரரின் பிரியாணிக் கடை. அடுத்தது பெஷாவர்க்காரரின் ரொட்டி அடுப்பு. அதையடுத்து ஃபிலிப்பினோ பேக்கரி, சிரியாக்காரரின் ஷவர்மா, எத்தியோப்பியர்களின் புளித்த மாவுத் தோசை, பிறகு நம்மூர் மெஸ். மெஸ்ஸின் போர்டில் ‘செட்டிநாடு’ என்று எழுதியிருக்கும். உள்ளே சமைப்பவர் ஒடிசாக்காரர். சாலையைக் கடந்தால் நேபாளத்து மோமோவும் கிடைக்கும். ஒரு செருப்பு தேய்வதற்குள் ஆசியாவையும் ஆப்பிரிக்காவில் பாதியையும் தின்று முடித்துவிடலாம். அந்தத் தெருவில் கிடைக்காத ஒரே சாப்பாடு இந்த நாட்டுச் சாப்பாடு. சென்னைக்குப் போனவன் அங்கே இட்லி கிடைக்கவில்லை என்று ஊருக்கு எழுதினால் எப்படி இருக்கும்? அப்படியொரு விசித்திரத்தில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன், அது விசித்திரம் என்றே தெரியாமல். தெரியவந்ததும் இங்கே இல்லை. ஜெர்மனியில் ஒரு மலையடிவாரத்தில், முன்பின் தெரியாத ஓர் அம்மாள் எங்கள் முன்னால் தட்டு வைத்துக்கொண்டே அதைத் தெரியவைத்தார்.

போன கோடை விடுமுறையில் ஐரோப்பா போயிருந்தோம். நான், மனைவி செலின், மகள் ஜெனி. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடும்பங்களை ஒரு பஸ்ஸில் அடைத்து, ஐந்து நாடுகளைச் சுற்றிக்காட்டித் திரும்ப அடைத்துக் கொண்டுவரும் வகைப் பயணம். விளம்பரத்தில் ஈஃபில் கோபுரத்தைவிடப் பெரிய எழுத்தில் ‘தினமும் இந்திய இரவுணவு உத்தரவாதம்’ என்று போட்டிருந்தார்கள். உத்தரவாதத்தைக் காப்பாற்றவும் செய்தார்கள். பாரிசில் பனீர் பட்டர் மசாலா, பிரஸ்ஸல்ஸில் பனீர் பட்டர் மசாலா, ஆல்ப்ஸ் மலை உச்சியில் பனி கொட்ட கொட்டப் பனீர் பட்டர் மசாலா. ஜன்னலுக்கு வெளியே நாடுகள் மாறிக்கொண்டே இருந்தன. தட்டில் ஒரே நாடு.

போதாக்குறைக்குச் செலினின் பெட்டி. செலின் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி, ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். நோயாளிகளைத் தவிர வேறெதையும் எளிதில் நம்பமாட்டாள். ஐரோப்பாவையும் நம்பவில்லை. சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நெத்திலிக் கருவாட்டுப் பொடி எல்லாம் எங்கள் துணிகளுக்கு நடுவே ஒளிந்து ஷெங்கன் எல்லையைத் தாண்டின. இரவில் விடுதிக் குளியலறையில் சோறு வெந்தது. “அவன் தார பனீர நீங்க தின்னுங்க. புள்ளைக்கு நான் ஆக்கித் தாரேன்” என்பாள். புள்ளைக்கு வயது பதினேழு. அந்தப் புள்ளையோ குளியலறைச் சோறும் வேண்டாம், பஸ் பனீரும் வேண்டாம் என்று என்னோடு தெருவில் இறங்கிவிடும்.

எனக்கு ஒரு வியாதி. எந்த ஊருக்குப் போவதானாலும் அதைப் பற்றி நாலு புத்தகம் படித்துவிட்டுத்தான் போவேன். போன இடத்தில் புத்தகத்தில் இருந்ததைத் தேடிக்கொண்டு, எதிரில் இருப்பதைத் தவறவிடுவேன். ஜெனி நேரெதிர். மூக்கை நீட்டிக்கொண்டு போவாள். நெதர்லாந்தில் ஒரு பாலத்தடியில் அவள் மூக்குதான் அந்த மீன்வண்டியைக் கண்டுபிடித்தது. ஹேரிங் என்கிற மீனை உப்பில் ஊறவைத்து, வேகவைக்காமல், பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு கொடுக்கிறார்கள். வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து, மீனை வாய்க்குள் இறக்க வேண்டும். எச்சில் படாமல் சொம்புத் தண்ணீர் குடித்துப் பழகிய இனத்துக்கு அண்ணாந்து பார்ப்பதில் கஷ்டமே இல்லை. முதல் முயற்சியிலேயே மீன் என் வாயில் இருந்தது. வண்டிக்காரர் கைதட்டினார். எங்களைத் தேடிக்கொண்டு வந்த செலின் இந்தக் காட்சியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“பச்ச மீனா திங்கிறிய?”

“இது இங்கத்த ஸ்பெஷல்மா. நீயும் ஒண்ணு…”

செலின் என்னைப் பொருட்படுத்தாமல் வண்டிக்காரரிடம் போனாள். அவளுக்கு மீன் வண்டி எந்த நாட்டில் நின்றாலும் மீன் வண்டிதான். இன்றைக்குக் காலையில் பிடித்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் பெருமையாக, இல்லை மேடம், கப்பலிலேயே உறையவைத்துவிடுவோம், சட்டம் அப்படி, பூச்சி இருக்காது என்றார். சுகாதாரத்தைப் பற்றிச் சொன்னால் ஒரு நர்ஸ் மகிழ்வாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் பேசியது நர்ஸிடம் அல்ல, கடற்கரைக்காரியிடம்.

“ஐஸ் மீனு!” என்று என் பக்கம் திரும்பினாள். “எங்க ஊர்ல ஐஸ் மீனக் கொண்டாந்தா பூன கூட மொகத்தத் திருப்பிக்கும். இத ஆக்காம வேற குடுக்கான்.” ஆனாலும் ஜெனியின் கையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடி யோசித்தாள். வண்டிக்காரரும் நானும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம். “மோசமில்ல. கருவாடா ஆகப்போற மீனப் பாதி வழியில நிறுத்திப்போட்டான்” என்றாள். இதைவிடத் துல்லியமாக அந்த மீனைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் யாரும் எழுதவில்லை.

பெல்ஜியத்தில் பானம். நான் வருவது மதுவுக்குத் தடையுள்ள ஷார்ஜாவிலிருந்து. எனவே ஒரு பழைய மதுக்கூடத்தில் உட்கார்ந்தபோது பள்ளிக்கூடத்தைக் கட் அடித்த பையனின் துடிப்பு இருந்தது. பியர்ப் பட்டியல் கல்யாண மொய் நோட்டைவிடத் தடிமன். தெரிந்தவனைப் போல நடுவில் ஒரு பெயரில் விரலை வைத்தேன். சிவப்பாக, நுரைத்து, செர்ரிப் பழம் போட்டுப் புளிக்கவைத்த ஒன்று வந்தது. குழந்தைகளின் இருமல் மருந்தைச் சோடாவில் கலந்ததைப் போல. “இதுக்காப்பா இவ்வளவு பில்டப்?” என்றாள் ஜெனி. ஆழ்ந்த ரசனையோடு குடிப்பவனாக நடித்துக் கடைசிச் சொட்டுவரை முடித்தேன். பாதிக்கு மேல் நடிப்பது மறந்துபோய், உண்மையாகவே பிடித்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய உணவு அப்படித்தான். முதல் வாயில் நாம் அதை விசாரிக்கிறோம். நாலாவது வாயில் அது நம்மை விசாரிக்கிறது.

ஜெர்மனியில் பஸ் மக்கர் செய்தது. மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இரவு தங்க வேண்டியதாயிற்று. பனீர் பட்டர் மசாலா வேறு எங்கோ எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்க, ஒரு சிறிய விடுதியின் சாப்பாட்டு அறையில் முதன்முறையாகப் பஸ் முழுவதும் உள்ளூர் உணவுக்கு முன்னால் உட்கார்ந்தது. உடைந்த இடியாப்பம்போலக் குட்டிக் குட்டி மாவுத் துணுக்குகள், மேலே உருகிய சீஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம். விடுதிக்கார அம்மாள் தட்டு வைக்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். சீஸ் அந்த மேட்டில் மேயும் மாடுகளுடையது. இந்த ஊறுகாய் என் தங்கை போட்டது. இந்தப் பிளம் கேக்குக்கான பழம் இதோ ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்துடையது. மேஜையில் இருந்த எதுவும் அடுத்த பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வந்ததில்லை போலிருந்தது. எனக்கோ ஒரே பரவசம். கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார், என்னிடமல்ல, ஜெனியிடம். நீ எந்த ஊர்?

“ஷார்ஜா” என்றாள் ஜெனி.

“அங்கே மக்கள் என்ன சாப்பிடுவார்கள்?”

“எல்லாம் கிடைக்கும். எல்லா நாட்டுச் சாப்பாடும் வரும்.”

“வருவது இருக்கட்டும். அங்கிருப்பது எது? அந்த ஊர் வீடுகளில் என்ன சமைப்பார்கள்?”

ஜெனி வாயைத் திறந்தாள். பரோட்டா என்று சொல்ல வந்து நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதுவதைப் போல, “பேரீச்சம்பழம்” என்றாள். அம்மாள் இன்னும் காத்திருந்தார். மகள் திணறுவதைப் பொறுக்காமல் நான் குறுக்கே விழுந்தேன். நாங்கள் உண்மையில் இந்தியர்கள், தென்னிந்தியா, தோசை என்று ஒன்று உண்டு, அரிசியும் உளுந்தும் ஊறவைத்து என்று ஆரம்பித்து ஒரு குட்டிச் சொற்பொழிவு ஆற்றினேன். அம்மாள் தலையாட்டிக் கேட்டார். ஜெனி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். “நீங்க ஏன்ப்பா இடையில பேசினீங்க?”

“நீ முழிச்சியே. அதான்.”

“முழிச்சது நான். ஆன்சர் உங்களோடது. தோசை உங்க ஊருப்பா. நான் அங்க லீவுக்குத்தான் போயிருக்கேன்.” என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “நான் பிறந்த ஊர்ல ஒரு வீட்டுக்குள்ளகூட நான் போனதில்ல. மால் தெரியும், ஸ்கூல் தெரியும், நம்ம பில்டிங் தெரியும். அடுத்த வருஷம் காலேஜுக்குக் கோயம்புத்தூர் போயிட்டா, அப்புறம் ஷார்ஜாவுக்கு விசிட் விசாதானே? போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வீட்ல சாப்பிடணும். ரெஸ்டாரன்ட் இல்ல. வீடு. இல்லன்னா நான் எந்த ஊர்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? சீரியஸ்லி.”

இந்தியாவில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வியின் எடை உடனே புரியாது. எனக்கு ஊர் கோவில்பட்டி. கரிசல் மண், கடலைமிட்டாய், தீப்பெட்டி. கேட்பவன் முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும். ஊர் என்பது சட்டைப் பையில் இருக்கும் சில்லறைபோல; இருக்கும்வரை அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஜெனி பையைத் துழாவி வெறும் கையை எடுத்ததை அந்த மேஜையில் பார்த்திருந்தும், நான் தோசை சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஷார்ஜா திரும்பியதும் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் யார் யார்? விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் இளைஞர்கள். எங்கள் கட்டடத்தின் உரிமையாளர். அவரை நான் பார்த்ததில்லை, கையெழுத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். உணவு? வந்த புதிதில், நாலு பேர் அடைந்து கிடந்த அறையில் இருந்தபோது, ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் பொட்டலம் கொடுப்பார்கள். ஒரு நாள் அதில் பிரியாணிக்குப் பதிலாகக் கொழகொழவென்று வெள்ளையாக ஏதோ இருந்தது. உப்புக் குறைந்த வெண்பொங்கல் என்று முடிவுசெய்து ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டேன். அது கோதுமையையும் இறைச்சியையும் நாள் முழுக்கக் கடைந்து செய்யும் ஹரீஸ் என்பதும், இந்த நாட்டின் பெருமைக்குரிய பதார்த்தம் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. நெதர்லாந்தில் வண்டிக்காரரைக் குடைந்து குடைந்து கேட்டவன், இங்கே பொட்டலத்தின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. சுற்றுலா போன இடத்தில் நாம் வாயைத் திறக்கிறோம். பிழைக்க வந்த இடத்தில் மூடிக்கொள்கிறோம்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்பு வாங்குவது எப்படி? இதற்கு எந்த அரசாங்கக் கவுன்ட்டரும் கிடையாது. பக்கத்து நகரின் ஓடையைப் படகில் கடந்து, தேரா மசாலாச் சந்தையில் மொய்தீன் காக்காவிடம் போனேன். காயல்பட்டினத்துக்காரர். முப்பது வருடமாக உலர்ந்த எலுமிச்சையும் குங்குமப்பூவும் விற்கிறார். ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். நான் சொன்னதைக் கேட்டு, தராசுத் தட்டைக் கீழே வைத்தார்.

“கடன் கேட்டு வந்தாங்க தம்பி, விசா கேட்டு வந்தாங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை கேட்டும் வந்தாங்க. இன்னொருத்தர் வீட்டுச் சோத்துக்கு சிபாரிசு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.”

“எனக்கில்ல காக்கா. மகளுக்கு.”

“அப்படியா. உங்களப் பாத்தா அப்படித் தெரியலயே” என்று என் வயிற்றைப் பார்த்தார். பிறகு சிரித்து, “கிழக்குக் கரையில, புஜைராவுல அபு சயீதுன்னு ஒருத்தர். துறைமுகத்துல இழுவைப் படகு ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவங்க வீட்டுக்கு மசாலா நம்ம கடையிலதான். இந்த வீடுகளுக்கு அழைப்பெல்லாம் கேக்கப்புடாது தம்பி. சாப்பாட்டு நேரத்துக்கு வாசல்ல போய் நின்னாப் போதும், மிச்சத்த அவங்க பாத்துப்பாங்க. நான் சரக்கு கொண்டுபோற சனிக்கிழமை சொல்லுதேன், நீங்க உங்க வண்டியில வந்துருங்க” என்றார்.

அந்தச் சனிக்கிழமை வந்தபோது குளிர்காலம் தொடங்கியிருந்தது. வெறுங்கையோடு போகக்கூடாது என்று செலின் ஒரு வாரம் யோசித்து, கடைசியில் ஊரிலிருந்து வந்திருந்த கடலைமிட்டாய் டப்பாவை எடுத்துக்கொண்டாள். மலைகளைக் குடைந்த சாலையில் போய் இறங்கினால் முன்னால் கடல், பின்னால் மொட்டை மலை, நடுவே திறந்தே கிடக்கும் கேட்டு. அபு சயீத் வாசலில் நின்றிருந்தார். அந்தத் தலைமுறைக்காரர்களுக்கு இந்தி நன்றாக வரும். “மத்ராசி? அச்சா, அச்சா” என்று என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. எங்களுக்கு முன்பே வந்திருந்த காக்கா என் காதில், கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டினால் காபி போதும் என்று அர்த்தம், மறந்துடாதீங்க என்று ஓதினார். நானும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஜெனி வலதுகாலை எடுத்துவைக்கிறாளா, என்ன சொல்லி உள்ளே போகிறாள், எங்கே உட்கார்கிறாள் என்று ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்க்கத் தயாராக இருந்தேன்.

வாசலிலேயே எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஆண்கள் இடது பக்கம், மஜ்லிஸ் எனப்படும் வரவேற்பறைக்கு. பெண்கள் வலது பக்கம், வீட்டுக்குள். இது எனக்குத் தெரியாததல்ல, புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் இத்தனை நாள் மனதில் ஓட்டிப் பார்த்த படத்தில் நான் மகளின் அருகில் உட்கார்ந்திருந்தேன். ஜெனி திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது.

மஜ்லிஸில் காபி வந்தது, பேரீச்சை வந்தது, காக்காவின் வியாபாரப் பேச்சு வந்தது. பிறகு விரிப்பின் நடுவே ஒரு பெரிய தாம்பாளம் வந்தது. சோற்று மலை, மேலே முழு மீன்கள், ஓரத்தில் உப்பில் ஊறிய மீன் துண்டுகள். எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் பகுதியில் மட்டும் சாப்பிட வேண்டும். எனக்கு ஒதுக்கப்பட்ட முக்கோண நிலத்தை நேர்மையாக உழுது முடித்தேன். உடனே அபு சயீத் மீனின் நல்ல சதையைப் பிய்த்து என் முன்னால் வைத்தார். எங்கள் ஊரில் இலையில் வைத்ததை மிச்சம் வைத்தால் சமைத்தவருக்கு அவமானம். முடித்தேன். இன்னும் பெரிய துண்டு வந்தது. அதையும் முடித்தேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி, என் நெற்றியில் வியர்வை. “குல், குல்”, சாப்பிடு சாப்பிடு என்று அவர் ஊட்டாத குறை. மூச்சு முட்டும் கட்டத்தில் காக்கா தாம்பாளத்தைப் பார்த்தபடியே தமிழில் முணுமுணுத்தார். “தம்பி, கொஞ்சம் மிச்சம் விடுங்க. நீங்க காலி பண்ணக் காலி பண்ண, இவனுக்குப் பசி அடங்கலன்னு அவரு வச்சுக்கிட்டே இருப்பாரு. இதுக்கப்புறம் வேலையாட்கள் வேற சாப்பிடணும்.”

கையை எடுத்தேன். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன். அதுவரை பெண்கள் பேச்சும் சிரிப்புமாக இருந்த இடம் சட்டென்று அமைதியானது. அபு சயீதும் தலையைச் சாய்த்துக் கேட்டார். என் மகள் அங்கே ஏதோ செய்துவிட்டாள். என்னவென்று போய்ப் பார்க்க முடியாது, குறுக்கே விழுந்து தோசையைப் பற்றிப் பேசவும் முடியாது. அபு சயீத் என் முழங்காலைத் தட்டி இன்னொரு பேரீச்சையை நீட்டினார். மறுத்துவிட்டேன். அதன்பின் ஒரு கிழவியின் குரல் மட்டும் ஏதோ சொல்லியது. வீடே அதிரும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. சிரிப்பு நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரியாது.

விடைபெற்று வெளியே வந்தபோது, காக்காவுக்கு ஊருக்குள் இன்னும் இரண்டு கடைக்குச் சரக்கு இறக்க வேண்டியிருந்ததால் அவர் தன் வேனில் போய்விட்டார். செலினும் ஜெனியும் வந்து வண்டியில் ஏறினார்கள். ஜெனி மடியில் துணி கட்டிய ஒரு பாத்திரம். கேட்டைத் தாண்டும்வரை பொறுத்தேன்.

“என்ன ஆச்சு உள்ள?”

“உங்க மக அந்த அம்மாவ வீட்ட விட்டுப் போவச் சொல்லிட்டா” என்றாள் செலின்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அபு சயீதின் மனைவி, மூக்கை மறைக்கும் பொன்னிற முகமூடி அணிந்த முதியவர், ஜெனியிடம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். இவள் பள்ளியில் பத்து வருடமாகப் படித்த அரபியில், செய்தி வாசிப்பவரைப் போல, நான் ஷார்ஜாவில் பிறந்தேன் என்றிருக்கிறாள். கிழவி புருவத்தை உயர்த்தி, ஷார்ஜாவா, அப்படியானால் நீ என்ன விருந்தாளி, எழுந்து காபியை ஊற்று என்று கூஜாவைக் காட்டிவிட்டார். அந்த வீடுகளில் இருப்பவர்களில் இளையவர்தான் ஊற்ற வேண்டுமாம். ஜெனி எழுந்து முதல் கோப்பையைக் கிழவியிடம் நீட்டினாள். தளும்பத் தளும்ப ஊற்றி.

“அரைக் கிளாஸ் குடுத்தா நம்ம ஊர்ல காறித் துப்புவாவளே. நானும் அப்படித்தான வளத்திருக்கேன்” என்றாள் செலின். “ஒரு சொட்டு கொறையாம ஊத்தினா. எனக்கே பெருமையா இருந்துது. பாத்தா மருமவள்மாரு அத்தன பேரும் வாயப் பொத்திக்கிட்டு நிக்காவ.”

“அங்க அடியில கொஞ்சம்தான் ஊத்தணும்ப்பா” என்றாள் ஜெனி. “ஃபுல்லா ஊத்துனா ‘குடிச்சிட்டுக் கிளம்பு’ன்னு அர்த்தம். ஒரு அக்கா என் காதுல சொன்னாங்க. நான் செத்துட்டேன். சத்தியமா செத்துட்டேன்.”

“அந்தம்மா?”

“கோப்பையப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. ‘என் வீட்டிலிருந்து என்னையே போகச் சொல்கிறாளே, சரி, நான் எங்கே போக? ஷார்ஜாவுக்கா?’ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஸாரி ஸாரின்னேன். அவங்க அவ்வளவையும் குடிச்சாங்கப்பா, ஃபுல்லா. குடிச்சிட்டு எழுந்திருக்கவே இல்ல. கோப்பைய மறுபடி நீட்டினாங்க. அப்புறம் திட்டு. கூஜா இடது கையில, கோப்பை வலது கையில, ஏன் மூக்க இப்படிச் சுளிக்கிற, நேரா நில்லு, பெரியவங்கள விட்டுட்டு எங்க போற? ரூம்ல இருந்த எல்லாருக்கும் ஊத்த வெச்சாங்க.” அவள் குரலில் வருத்தமே இல்லை. “அம்மாவும் ஒரு தப்பு பண்ணாங்க. கப்ப ஆட்டவே இல்ல, குடிச்சிட்டே இருந்தாங்க. அம்மாவ யாரும் ஒண்ணுமே சொல்லல. சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. அம்மா கெஸ்ட். என்னைத்தான்ப்பா திட்டினாங்க!”

வண்டியைக் கிளப்பினேன். பாத்திரத்தில் என்ன என்று கேட்டேன். செலின் முந்திக்கொண்டாள். “சுறாப்புட்டு. இங்க ஜஷீத்துங்கா. சுறாவ அவிச்சு, உதுத்து, வெங்காயம் போட்டு வதக்கி. நான் கையால வாலு, துடுப்புன்னு காட்டினேன், அத ஆக்கினவ பல்லக் காட்டினா. உடனே புரிஞ்சு போச்சு. தேங்கா போடல. அதுக்குப் பதிலா அந்தக் காஞ்ச எலுமிச்சயப் பொடிச்சுப் போட்டிருக்கா. தேங்கா போடணும்னு சொன்னேன், முடியவே முடியாதுன்னுட்டா. பிடிவாதக்காரி.” இரண்டு பிடிவாதக்காரிகளுக்கும் பொதுவான மொழி சுறா ஒன்றுதான் போலும். அந்த வாசம் வண்டியின் ஏசி வழியாகப் புகுந்து எங்கள் தலைமுடிவரை ஏறிவிட்டது.

மலைச் சாலை முடியும் இடத்தில் பெட்ரோல் போட நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கியதும், பம்பில் நின்ற பையன், இருபத்தைந்து வயது இருக்கும், குனிந்து மூச்சை இழுத்தான்.

“அண்ணே, சுறாப்புட்டு!” என்றான். ராமநாதபுரத்துப் பேச்சு. “ஆத்தாடி. இந்த வாசத்த மோந்து ரெண்டு வருசமாச்சுண்ணே. எந்த ஊருண்ணே நீங்க?”

“குளச்சல் பக்கம்” என்றாள் செலின்.

“அதான பாத்தேன். வாசத்துலயே தெரியுதுல்ல, நம்ம கடக்கரைன்னு.”

“இது புஜைரா புட்டுண்ணா” என்றது பின்சீட்டுக் குரல். “அம்மா குளச்சல். அப்பா கோவில்பட்டி. நான் ஷார்ஜா.”

பையன் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். “அது சரி பாப்பா, எல்லாரும் இங்கனதான இருக்கோம். சொந்த ஊரு எது?”

“அதாண்ணா சொன்னேன்.”

அவன் என்னைப் பார்த்தான். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் அப்பாக்கள் திருத்துவார்கள் அல்லவா? அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருந்தான். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. வயிறு நிறைய மீன் இருந்ததாலோ என்னவோ, வாயைத் திறக்க முடியவில்லை. அவன் தலையைச் சொறிந்தான். ஜெனி துணியை அவிழ்த்து, ஒரு காகிதத் தட்டில் இரண்டு பிடி புட்டை அள்ளி ஜன்னல் வழியாக நீட்டினாள். அங்கேயே நின்று ஒரு வாய் போட்டுப் பார்த்தான்.

“தேங்கா இல்ல” என்றான்.

“அதத்தான் நானும் சொன்னேன்” என்றாள் செலின்.

“எங்க ஊர்ல போட மாட்டோம்” என்றாள் ஜெனி.

சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் செலினின் கை தானாகப் பின்சீட்டுக்கு நீண்டது. ஜெனி பாத்திரத்தை முன்னால் சாய்த்தாள். இருவரும் தின்றுகொண்டு வந்தார்கள், ஒரே பாத்திரத்திலிருந்து, ஒருத்தி குளச்சலை, ஒருத்தி புஜைராவை. கடல்மீனைப் பஸ்ஸில் வரவழைத்துத் தின்னும் கரிசல் ஊரில் பிறந்தவன், இரண்டு கடற்கரைக்காரிகளையும் ஏற்றிக்கொண்டு ஷார்ஜாவை நோக்கி வண்டியோட்டினேன். ஒருத்திக்கு அது வேலை பார்க்கும் இடம். இன்னொருத்தியை அவள் ஊரில் கொண்டுபோய் விடுகிறேன்.